யோசனை அளித்தவர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மார்ச் மாதம் ஒரு பல்கலைக்கழகத்தின் தகுதி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். டிப்ளமோ முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேர்ந்து, கட்டணம் இல்லாமல் படித்து முடிக்கலாம். மொத்தம் ஆறு இடங்கள்.
2. நான் தீர்த்த ஒரு பிரச்சினையைப் பற்றி எழுதி, ஆதாரமாக எங்கள் தொழிற்சாலையின் மேம்பாட்டுத் தாள் ஒன்றை இணைத்தேன். அதில் 'யோசனை அளித்தவர்' என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது.
3. அந்த யோசனை என்னுடையது அல்ல.
4. யோசனைக்கு உரியவள் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள். அவளும் அதே உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். அந்த விஷயத்தை எழுதலாமா என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்றேன்.
5. என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். அவளை அழைக்கவில்லை.
6. தாளில் என் பெயரை அடித்து, மேலே அவள் பெயரை எழுதி, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன்.
7. ஆவணம் மாற்றப்பட்டிருக்கிறது என்று என் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தார்கள்.

வேலையில் நான் எழுதும் அறிக்கைகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். முதலில் நடந்தவை, பிறகு காரணம், பிறகு எடுத்த நடவடிக்கை, கடைசியில் இன்றைய நிலை. இதை வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நான்காவது வரியை மட்டும் எந்த விதத்திலும் இன்னும் சரியாக எழுத முடியவில்லை.

எங்கள் வீடு வல்லம் வடகாலை ஒட்டிய ஒரு ஊரில் இருக்கிறது. அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். மாடியில் இரண்டு அறைகள். எங்கள் தெருவில் எல்லா வீட்டு மாடியிலும் அறைகள் உண்டு, எல்லா அறைகளிலும் தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பெண்களோ பையன்களோ உண்டு. எங்கள் மாடிக்கு வந்தவள் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட ஒரு வயது சிறியவள். என்னைப் போலவே எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. மதிப்பெண் என்னைவிட அதிகம். வந்த மூன்றாம் நாள் அவள் வேலைக்குச் சேர்ந்தது, ஒரகடத்தில் நான் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில்.

நாங்கள் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தோம். ஆனால் நான் பயிற்சியாளராகச் சேர்ந்து நிரந்தரமானவள், தரப் பிரிவில் டெக்னீஷியன், சாம்பல் நிறச் சட்டை. அவள் காண்ட்ராக்டர் மூலம் வந்தவள், லைனில் ஆபரேட்டர், வெளிர்நீலக் கோட்டு. எனக்குப் பணியாளர் எண் உண்டு. அவளுக்குக் கேட் பாஸ் எண். சட்டை நிறத்தைத் தவிர, இந்த வித்தியாசம் கேண்டீன் வரிசையில்கூடத் தெரியாது. தெரிந்த இடம் ஒன்றே ஒன்று, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் கார்களுக்கான ஒயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிறோம். நீளமான ஒரு போர்டில் ஒயர்களைப் பதித்து, முனைகளில் கனெக்டர்களை மாட்ட வேண்டும். கதவுக்கான கட்டில் இரண்டு கனெக்டர்கள். இரண்டும் வெள்ளை, இரண்டிலும் ஆறு துளை. ஒன்றின் பக்கவாட்டில் மட்டும் மெல்லிய ஒரு மேடு. இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டால், கார் கம்பெனியில் கண்ணாடியை ஏற்றும் சுவிட்சை அழுத்தும்போது கதவு பூட்டிக்கொள்ளும். சென்ற ஆண்டு அப்படி நான்கு முறை திரும்பி வந்தது. காரணம் கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

இரண்டு வாரம் பார்த்தேன். வெளிச்சத்தை அளந்தேன். ஆபரேட்டர்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்தேன். இரண்டு கனெக்டர்களின் படத்தையும் பெரிதாக அச்சடித்து ஒட்டினேன். ஐந்தாவது முறையும் வந்தது.

டீ இடைவேளையில் அவள்தான் என்னைக் கூப்பிட்டுத் தன் இடத்தைக் காட்டினாள்.

"நீங்க கண்ணால பாத்து எடுக்கச் சொல்லுதீங்கக்கா. மத்தியானத்துக்கு மேல யாருக்குக் கண்ணு பாக்கும்? கைதான் பாக்கும்."

"அப்போ என்ன பண்ணணும்?"

"இங்க பாருங்க. மேடு உள்ளத மட்டும் டப்பாவுல கவுத்தி அடுக்கி வச்சிருக்கேன். மத்தது மல்லாக்க இருக்கு. விரல் பட்டதும் தெரிஞ்சிரும். போர்டுலயும் சின்னதா ஒரு குச்சி நட்டு வச்சாச்சுன்னா தப்பானது உள்ளயே உக்காராதுல்லா."

"எத்தனை நாளா இப்படி வச்சிருக்க?"

"ஒரு மாசம் இருக்கும். யாரும் கேக்கல. நானும் சொல்லல."

தொழிற்சாலைக்குள்ளேயே சோதனையில் பிடிபடும் தவறுகளுக்கு என் கணினியில் இடம்வாரியான கணக்கு இருந்தது. நான் லைன் முழுவதற்குமான எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மதியம் பிரித்துப் பார்த்தேன். அந்த ஒரு மாதத்தில் அவள் இடத்திலிருந்து ஒரு தவறுகூட இல்லை.

மற்றதை நான் செய்தேன். குச்சி எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு உயரம் என்று வரைபடம் போட்டேன். டூல் ரூமில் எஃகில் செய்து வாங்கினேன். முதல் குச்சி ஒயர் மேல் உரசியது. நுனியை உருட்டி இரண்டாவது செய்தோம். மூன்று போர்டுகளில் வைத்துப் பார்த்து, பிறகு எல்லாவற்றிலும் வைத்தோம். இன்று வரை அந்தக் கனெக்டர் மாறி வந்ததில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு லைனும், வேலையில் செய்த மாற்றங்களைப் பதியும் மேம்பாட்டுத் தாள் மாதத்துக்கு நான்கு கொடுக்க வேண்டும். தாள் கணினியில் நிரப்பப்படும். 'யோசனை அளித்தவர்' என்ற கட்டத்தில் பணியாளர் எண்ணைத் தட்டினால் பெயர் தானாக வரும். நான் அவளுடைய கேட் பாஸ் எண்ணைத் தட்டினேன். கட்டம் சிவப்பானது. மறுபடி தட்டினேன். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். அவர் சுங்குவார்சத்திரத்துக்காரர், கோபமே வராத மனிதர்.

"அது எடுக்காதும்மா. காண்ட்ராக்ட் நம்பர் அதுக்குத் தெரியாது. உன் நம்பரப் போடு."

"ஐடியா அவளோடது சார்."

"எனக்குத் தெரியாதா இன்னா? எல்லா லைன்லயும் இப்டித்தான் போட்டுகினு கீறோம். மாசம் நாலு ஷீட்டுக்கு நான் எங்க போவேன்? அவங்க சொல்றாங்க, நாம எழுதறோம். பிரைஸ் வந்தா அந்தப் பொண்ணாண்ட குடுத்துடு. முடிஞ்சுது."

என் எண்ணைத் தட்டினேன். என் பெயர் வந்தது. அதன் பிறகு கட்டம் சிவப்பாக இல்லை.

பரிசாக, சாப்பாட்டைச் சூடாக வைக்கும் இரண்டு லிட்டர் ஹாட்பேக் ஒன்று கொடுத்தார்கள். பஸ்ஸிலேயே அவளிடம் கொடுத்துவிட்டேன். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். "என் மூளைக்கு ரெண்டு லிட்டரு. பரவால்லயே" என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும்.

உதவித்தொகை அறிவிப்பில் ஒரு விதி இருந்தது. டிப்ளமோ முடித்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு இதுதான் மூன்றாவது ஆண்டு. பொறியியல் படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பாலிடெக்னிக்கில் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. தரப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கும் வரை காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லலாம். எதையும் வடிவமைக்கும் மேஜைக்குப் போக முடியாது. அந்தக் குச்சியை வரைந்த இரண்டு நாட்களில்தான் முதல் முறையாக அந்த மேஜையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அது எனக்கு மறக்கவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, காரணமாகச் சொல்கிறேன்.

கேட்ட ஆவணங்கள் பதினொன்று. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மூன்று முறை போய் வந்தேன். பத்து ஆவணங்கள் சேர்ந்த பிறகு பதினொன்றாவது மீதம் இருந்தது: 'நீங்கள் தீர்த்த ஒரு பிரச்சினையைப் பற்றி எழுதவும். ஆதாரம் இணைக்கவும்.'

ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எழுதினேன். எழுதிய ஒவ்வொரு வரியையும் உண்மையா என்று சரிபார்த்தேன். பிரச்சினையை ஆராய்ந்தேன் என்பது உண்மை. குச்சியை வடிவமைத்தேன் என்பது உண்மை. சோதித்தேன், அளந்தேன், உண்மை. நடுவில் ஒரு வரி தேவைப்பட்டது, ஆராய்ச்சியிலிருந்து குச்சிக்குப் போவதற்கு. 'கண்ணைவிடத் தொடுதலை நம்ப வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்' என்று எழுதினேன். அந்த வரியை மட்டும் சரிபார்க்கவில்லை. தாளை இணைத்து அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவள் கைபேசியோடு கீழே இறங்கி வந்தாள். அம்மா சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க பாலிடெக்னிக் குரூப்புல ஒரு ஸ்காலர்ஷிப் போட்டிருக்காங்க. நீங்க அனுப்புனது இதானா? எனக்கும் ரொப்பித் தாரீங்களா?"

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "நீயும் பூட்டா மேல் ரூமுக்கு நான் எங்கடி போய் ஆள் புடிக்கறது?"

"மூணு வருசம் கழிச்சு இன்ஜினியரா வந்து இதே ரூமுலதான் இருப்பேன்மா. இப்பவே எழுதிக்கோங்க."

"இன்ஜினியர் அம்மா இந்த வூட்டுல இருப்பாங்களா? ஒழுவுதுன்னு சொல்லிகினே இருப்பாங்க."

சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்து ஆவணங்களுக்கான கட்டங்களையும் நிரப்பினோம். அவள் மதிப்பெண்ணைத் தட்டும்போது, இந்தப் பத்தில் அவள் என்னைவிட முன்னால் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு பதினொன்றாவது வந்தது.

"வேற என்னத்த எழுத? அந்தக் கனெக்டர் விசயத்த எழுதட்டுமாக்கா? நான்னு உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்."

அவளுக்கு என் கட்டுரை தெரியாது. இரண்டு விண்ணப்பங்களில் ஒரே பிரச்சினை வந்தால், ஒன்று திருடப்பட்டது என்றுதான் படிப்பவர்கள் நினைப்பார்கள். தாள் என்னிடம் இருந்தது. திருடி என்று அவளைத்தான் சொல்வார்கள். இதெல்லாம் ஒரே நொடியில் என் மனதில் ஓடியது. அவளைக் காப்பாற்றுவதற்காக வேண்டாம் என்றேனா, என்னைக் காப்பாற்றுவதற்காகவா என்று பல முறை யோசித்திருக்கிறேன். என்னைத்தான்.

"ஆதாரம் கேட்டிருக்காங்க பாரு. உன் பேர்ல பேப்பர் எதுவும் இல்ல. ஆதாரம் இல்லன்னா தள்ளிடுவாங்க. தண்ணித் தொட்டிக்கு அலாரம் பண்ணியே, அதை எழுது. போட்டோ எடுத்துப் போடலாம்."

"அதுவா? அது சின்னப் புள்ள வெளையாட்டுல்லா?"

"நல்லா எழுதினா நல்லாத்தான் இருக்கும்."

அவள் எழுதினாள். நான் மூன்று முறை திருத்திக் கொடுத்தேன். மாடித் தொட்டி நிரம்பினால் கத்தும் அந்தச் சின்னப் பெட்டியை நான்கு கோணத்தில் படம் எடுத்தேன். என் சொந்தக் கட்டுரைக்குக்கூட அவ்வளவு மெனக்கெடவில்லை.

"நீங்க என்னக்கா எழுதுனீங்க?" என்று கிளம்பும்போது கேட்டாள்.

"வேலையைப் பத்தி."

"அது சரி" என்று படியேறிப் போனாள்.

மே மாதம் இருவருக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் வந்தது. எனக்கு நேர்முகத் தேர்வு. அவளுக்கு, வருந்துகிறோம் என்று ஒரு வரி. மாலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்னைக் கையைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு டீயும் ஒரு தட்டு பஜ்ஜியும் சொன்னாள்.

"ஒரு வீட்டுலருந்து ஒருத்தியாவது போகட்டும். மொகத்த ஏன் இப்டி வச்சிருக்கீங்க? கிடைச்சவங்க அழுதா கிடைக்காதவ என்ன செய்ய?"

நான் பஜ்ஜியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அவள் தொடர்ந்தாள். "எழுதுனதுலருந்துதான் கேள்வி கேப்பாங்களாம், எங்க சீனியர் சொன்னாங்க. அந்தப் பேப்பரத் தாங்க. நான் புரபசர் மாதிரி கேக்கேன், நீங்க பதில் சொல்லிப் பழகிக்கிடுங்க."

அப்புறம் தருகிறேன் என்றேன். மறுநாள் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, அச்சடித்த இரண்டு பக்கங்களையும் தாளின் நகலையும் எடுத்துப்போய்க் கொடுத்தேன். எதையும் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன்.

ஈரக் கையைத் துடைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்று படித்தாள். முதல் பக்கத்தை வேகமாகப் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் வேகம் குறைந்தது. முடித்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள். பிறகு நிமிர்ந்து, தான் சொன்னபடியே ஒரு பேராசிரியரின் குரலில் கேட்டாள்.

"கண்ணைவிடத் தொடுதலை நம்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

நான் கொடியில் கிடந்த துணியைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. இதத்தான் மொதல்ல கேப்பாங்க."

பிறகு காகிதங்களை மடிப்பு மாறாமல் மடித்து என் கையில் கொடுத்தாள். "டப்பாவக் கவுத்தி வச்சத எழுதாம விட்டுட்டீங்களே" என்றாள். மீதித் துணியை உலர்த்தப் போனாள்.

அன்று மதியம் நான் செய்ததில் ஒரு தவறு உண்டு. அதை விளக்க எங்கள் தொழிற்சாலையின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, புதுத் தாளில் எழுதக் கூடாது. தவறின் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொடுப்பார்கள். எங்களைப் பொறுத்தவரை அப்படிக் கோடு போட்ட பதிவேடுதான் யோக்கியமானது. கோடே இல்லாத பதிவேட்டைப் பார்த்தால்தான் ஆடிட்டர்கள் சந்தேகப்படுவார்கள்.

தாளின் நகலை எடுத்து, என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன். மேலே அவள் பெயரை எழுதினேன். கையெழுத்து, தேதி. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டையும் ஸ்கேன் செய்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான முறையில் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். மாடிக்குப் போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. கையால் மாற்றப்பட்ட ஆவணத்தை ஏற்க இயலாது. இரண்டு பிரதிகளில் எது உண்மையானது என்று நிறுவனம் தன் கடிதத்தில் உறுதி செய்ய வேண்டும். அதுவரை என் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படும். நேர்முகத் தேர்வுக்கு மட்டும் வரலாம்.

கடிதத்துக்காகச் சூப்பர்வைசரிடம் போனேன். நான் நீட்டிய காகிதத்தைப் படித்துவிட்டு, முதல் முறையாக என்னிடம் குரலை உயர்த்தினார்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க? நம்ம ஷீட்டுல கோடு போட்டு வெளிய அனுப்பியிருக்க. காண்ட்ராக்ட் பொண்ணு லைன்ல மாத்தம் பண்ணிச்சின்னு கம்பெனி லெட்டர் குடுக்குமா? எச்.ஆர்ல மொத கேள்வி இன்னா வரும் தெரியுமா? மத்த ஷீட்டெல்லாம் யார்துன்னு கேப்பாங்க."

"உண்மைதானே சார்."

"உண்மைதாம்மா. அத்த நான் இல்லன்னனா? எழுதிக் குடுக்க முடியாதுன்றேன்."

நேர்முகத் தேர்வுக்குச் சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறிப் போனேன். அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை என் இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்திருந்தார். நடந்ததைச் சொல்லச் சொன்னார். வரிசையாகச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"சரி. இதுல உன் பங்கு எது?"

"வரைபடம் மேடம். குச்சியோட அளவு. முதல் குச்சி ஏன் உரசிச்சுங்கறது. அப்புறம் மூணு போர்டுல சோதனை, இடம்வாரியா கணக்கு."

அவர் வரைபடத்தைக் கேட்டார். கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். நுனியை ஏன் அந்த அளவுக்கு உருட்டினாய் என்று கேட்டார், சொன்னேன்.

"இதை மட்டும் எழுதியிருந்தாலே போதுமேம்மா" என்றார்.

மற்ற இருவரும் வேறு கேள்விகள் கேட்டார்கள். பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் முன்பே அறிந்திருந்தாள். முந்தின நாள் சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு, "நீதான் எழுதச் சொன்னியா?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்குக் காண்ட்ராக்டு புதுப்பிக்கிற மாசம் இது. தெரியும்லாக்கா?"

தெரியும். நினைக்கவில்லை.

"என் பேர எழுதாதப்பவும் என்னக் கேக்கல. எழுதுனப்பவும் கேக்கல." சத்தம் போடாமல்தான் சொன்னாள். "இப்ப எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. எழுதச் சொன்னவங்கற பேரோட நான் லைன்ல நிக்கேன்."

மன்னித்துவிடு என்றேன். அவள் கதவைச் சாத்தவில்லை. நான் கீழே இறங்கும் வரை அப்படியே நின்றாள்.

அம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் முழுதும் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "கம்முனு இருந்திருந்தா உனுக்குக் கெடச்சிருக்கும்ல?"

"கெடச்சிருக்கலாம்."

"இப்ப மட்டும் அவ உன்னாண்ட பேசறாளா இன்னா?"

"இல்ல."

அம்மா எழுந்து கை கழுவினாள். கொஞ்சம் குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடி, மாடிக்குத் தானே எடுத்துப் போனாள். வழக்கமாக என்னிடம்தான் கொடுத்தனுப்புவாள்.

கடிதம் கொடுக்கக் கடைசி நாள் ஜூன் மாதத்தோடு முடிந்தது. எச்.ஆருக்கு இரண்டு முறை எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்று ஒரு பதில் வந்தது. அவளுடைய காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது, ஆனால் வேறு லைனுக்கு மாற்றினார்கள். அங்கே கதவுக்கான கட்டு இல்லை. மாற்றியதற்குக் காரணம் யாரும் சொல்லவில்லை. இப்போது அவள் வேறு ஷிப்ட், வேறு பஸ்.

ஜூலை மாதம் ஒரு நாள் தண்ணீர் மோட்டார் போட மேலே போனபோது அவள் அறையில் இருந்தாள். வாசலில் நின்று கேட்டேன். அடுத்த ஆண்டு நீ மறுபடி விண்ணப்பிக்கலாம், உனக்கு இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது. அந்த விஷயத்தை நீ எழுதுவதாக இருந்தால் இடம்வாரிக் கணக்கு, உன் கனெக்டர் டப்பாவை அப்போது நான் எடுத்த படம், யோசனை உன்னுடையது என்று என் கையெழுத்தோடு ஒரு கடிதம், மூன்றும் தருகிறேன். தரட்டுமா, வேண்டாமா?

அவள் தலையை வாரி முடித்துப் பின்னல் போட்டாள்.

"உங்க லெட்டர் செல்லுமாக்கா?"

"தெரியல. என் விண்ணப்பம் என்ன ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால செல்லாமலும் போகலாம்."

"வரைபடம்?"

"அது நான் போட்டது."

"அது வேண்டாம். மத்த மூணயும் தாங்க. எழுதவா வேண்டாமான்னு நான் பாத்துக்கிடுதேன்."

அடுத்த நாள் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கடிதத்தை என் எதிரிலேயே முழுதும் படித்தாள். ஓர் இடத்தில் 'உதவினாள்' என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். கடிதத்தைத் திரும்ப வாங்கி, புதிதாக எழுதிக் கொடுத்தேன்.

இன்றைய நிலை: ஆறு பேரின் இறுதிப் பட்டியல் வந்துவிட்டது, என் பெயர் அதில் இல்லை. காரணம், ஆவணம் உறுதி செய்யப்படவில்லை. அந்த உதவித்தொகைக்கு இனி எனக்குத் தகுதி இல்லை. மாலையில் நடக்கும் பகுதிநேரப் பொறியியல் வகுப்புகளுக்கு விசாரித்திருக்கிறேன். என் ஷிப்ட் ஒத்துவர வேண்டும். தொழிற்சாலையின் கணினியில் அந்தத் தாள் இன்னும் என் பெயரில் இருக்கிறது. அவள் எங்கள் மாடியில்தான் இருக்கிறாள். தேவையானதைப் பேசுகிறாள். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் எதை எழுதப் போகிறாள் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.